மனம் சோரும்போது: வீட்டுக்கு அழைப்பதா, நோட்டில் எழுதுவதா?

அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பான பீஸ் கார்ப்ஸ் வழியாகத் தொண்டராக நேபாளம் போகிறவருக்கு மொத்தம் 27 மாதம். அதில் முதல் மூன்று மாதம் பயிற்சி. அதுவரை கூட வந்தவர்களின் துணை இருக்கும். தனி ஊருக்குப் போன முதல் சில வாரங்கள்தான் மனதை உலுக்கும்.

வீட்டுக்கு அழைத்தால் உடனே ஆறுதல். காய்ச்சல், பயம், துக்கச் செய்தி என்றால் யோசிக்கவே வேண்டாம். தினமும் அழைப்பதில்தான் சிக்கல். குளிர்காலத்தில் நேபாளத்தில் இரவு 8 மணி என்றால் நியூயார்க்கில் காலை 9.15. அங்கே அம்மா வேலை அவசரத்தில் இருப்பார். இங்கே தங்கியிருக்கும் வீட்டார் அடுப்படியில் பருப்பும் சோறும் பரிமாறிக்கொண்டிருப்பார்கள். போனோடு அறைக்குள் இருப்பவருக்கு அந்தப் பேச்சும் சிரிப்பும் போய்விடும். மொழியும் வராது, பாவம்.

நோட்டு மெதுவாகத்தான் வேலை செய்யும். படுக்குமுன் நான்கே வரி: மனநிலைக்கு 1 முதல் 10 வரை ஓர் எண், தூங்கிய நேரம், சாப்பாடு, யாரோடு பேசினோம். ஒரு மாதம் கழித்துப் புரட்டினால், 3 விழுந்த நாளுக்கு முந்தைய இரவு தூக்கம் கெட்டதா, நேபாளத்தின் பெரிய பண்டிகையான தசைன் விடுமுறையில் வேலையில்லாமல் இருந்ததா என்று தெரியும். பக்கம் பக்கமாகப் புலம்பினால் மட்டும் சோர்வு கூடும்.

எங்கள் தேர்வு, தினமும் நோட்டு, வாரம் ஒரு அழைப்பு. நேபாளத்தில் சனிக்கிழமை விடுமுறை. காலை 7 மணிக்கு அழைத்தால் நியூயார்க்கில் வெள்ளி இரவு 8.15, நிதானமாகப் பேசலாம். இரண்டு வாரம் எண் 3-ஐத் தாண்டாவிட்டால் இரண்டும் போதாது. அமைப்பின் மருத்துவ அலுவலரை அழையுங்கள்.