கடற்பனி எப்போது சரியும்? மூன்று கணக்குகளை ஒப்பிட்டால்

குருநகர் இறங்குதுறையில் கொஞ்ச நேரம் நின்றாலே இது விளங்கும். அளவான பாரத்தோடு வரும் வள்ளம் அலை தட்டிச் சாய்ந்தாலும் சட்டென்று நிமிரும். பாரத்தை மேலே மேலே அடுக்கினால், சாய்ந்தது நிமிர நேரமெடுக்கும். அது கவிழக்கூடிய வள்ளம். துருவக் கடற்பனிக்கும் இதே குறியைப் பார்க்கலாம் என்பதுதான் புள்ளிவிபரவியலின் ‘முன்னெச்சரிக்கைக் குறி’ முறை. அதற்குப் போட்டியாக இன்னும் இரண்டு உண்டு.

முதலாவது, எல்லோருக்கும் தெரிந்த நேர்கோடு. 1979 முதலான செய்மதித் தரவில் கோடு போட்டு நீட்டுவது. அந்தாட்டிக்காவில் பனி மெல்லக் கூடி, 2014 செப்டெம்பரில் 20 மில்லியன் சதுர கிலோமீற்றரைத் தாண்டியது. அந்தக் கோட்டை நம்பியவர்களுக்கு 2016 சரிவு இடிபோல விழுந்தது. 2023இன் உச்சம் 17 மில்லியனையே தொடவில்லை. நீண்டகாலப் போக்குக்குக் கோடு சரி; திடீர் மாற்றத்துக்கு அது உதவாது.

இரண்டாவதான மாறுபுள்ளிச் சோதனை, தரவுத் தொடரின் போக்கு எந்த ஆண்டில் முறிந்தது என்று சொல்லும். நேர்மையான முறைதான். ஆனால் முறிந்து சில ஆண்டுகள் போனபிறகே சொல்லும்.

முன்னெச்சரிக்கைக் குறி இரண்டு விடயங்களைப் பார்க்கிறது: வழமையிலிருந்து இந்த மாத விலகல் போன மாத விலகலோடு எவ்வளவு ஒட்டிக்கொண்டிருக்கிறது (ஒட்டினால், வள்ளம் நிமிர நேரமெடுக்கிறது என்று பொருள்), மாறற்றிறன், அதாவது ஊசலாட்டத்தின் அளவு, கூடுகிறதா. இரண்டாவதை நான் அவ்வளவாக நம்புவதில்லை. பனி மெலிந்தாலே ஊசலாட்டம் கூடிவிடும். அதற்குக் கவிழ்வு தேவையில்லை. வெளியிலிருந்து வரும் அடிக்கு முன்குறியும் இராது. 2012 ஓகஸ்டில் ஆர்க்டிக்கைத் தாக்கிய புயல் அப்படிப்பட்டது. அந்தச் செப்டெம்பரில் பனி 3.4 மில்லியனுக்கு இறங்கியது.

ஆனால் அடுத்த ஆண்டே அது 5 மில்லியனுக்கு மேல் ஏறியது. மெல்லிய பனி குளிர்காலத்தில் வேகமாக உறையும். வள்ளம் நிமிர்ந்துகொண்டது! ‘இன்னும் சில வருடத்தில் கோடையில் பனியே இராது’ என்று அப்போது வளைகோடு நீட்டியவர்கள் கவனிக்காதது இதைத்தான். 2012இன் அந்த மிகக் குறைந்த அளவுச் சாதனை 2025 வரை முறியவில்லை. அந்தாட்டிக்காவோ 2016க்குப் பிறகு பழைய நிலைக்கு முழுதாகத் திரும்பவில்லை.

ஆகவே என் தெரிவு, மாத விலகல்கள் ஒன்றோடொன்று ஒட்டுவதைப் பார்க்கும் அந்த ஒட்டுறவுக் கணக்கு. பருவ ஏற்ற இறக்கத்தையும் போக்கையும் முதலில் கழித்துவிட்டு, 10, 15, 20 ஆண்டுச் சாளரங்களில், அதாவது நகர்ந்து செல்லும் காலத்துண்டுகளில், தனித்தனியாகப் போட்டுப் பார்ப்பேன். சாளரம் மாறும்போது விடையும் மாறினால், அப்புறம் அந்த வரைபை யாருக்கும் காட்டமாட்டேன்.