என்விடிஏ திரைவாசிப்பான்: 13 ஆண்டுகளாகப் பயன்படுத்தும் ஒரு தமிழாசிரியை எழுதுவது

இந்த ஆண்டு முதலாண்டு சேர்க்கை முடிந்த மறுநாள், ஒரு மாணவியை அவள் அப்பா எங்கள் துறைக்கு அழைத்து வந்தார். பிறவியிலேயே பார்வை இல்லாத பெண். பி.ஏ. தமிழ் கிடைத்துவிட்டது, விடுதியும் கிடைத்துவிட்டது. ஆனாலும் அப்பாவின் குரலில் நிம்மதி இல்லை. "மேடம், பன்னெண்டு வரைக்கும் பார்வையில்லாத பிள்ளைய பள்ளிக்கூடத்துல படிச்சா. பிரெயில் புத்தகம் இருந்துச்சு. இங்க இவளுக்கு யாரு வாசிச்சுக் காட்டுவா?" என்று கேட்டார். எனக்கும் பார்வை கிடையாது. அதைக் கவனித்துவிட்டுத்தான் என்னிடம் கேட்டார். மடிக்கணினியைத் திறந்து கன்ட்ரோல், ஆல்ட், 'என்' (N) ஆகிய மூன்று விசைகளையும் சேர்த்து அழுத்தினேன். கணினி பேசத் தொடங்கியது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே நின்றவர், "இதுக்கு மாசம் எவ்வளவு கட்டணும்?" என்றார்.

ஒன்றுமே கட்ட வேண்டாம். இந்த மதிப்புரையில் முதலில் சொல்ல வேண்டியது அதுதான்.

என்விடிஏ என்பது விண்டோஸ் கணினிக்கான திரைவாசிப்பான். திரையில் இருக்கிற எழுத்து, பொத்தான், அட்டவணை எல்லாவற்றையும் குரலாக்கிச் சொல்லும். 2006இல் ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கர்ரன் என்ற பார்வையற்ற இளைஞர் இதை எழுதத் தொடங்கினார். ஜேம்ஸ் டே என்ற நண்பரும் சேர்ந்துகொண்டார். அவருக்கும் பார்வை இல்லை. சிறுவயதில் பார்வையற்ற பிள்ளைகளுக்கான ஓர் இசை முகாமில் அறிமுகமானவர்கள் அவர்கள். அந்தக் காலத்தில் காசு கொடுத்து வாங்கும் திரைவாசிப்பானின் விலை, கணினியின் விலையையே தாண்டிவிடும். பார்வை இல்லாதவர் மட்டும் ஒரே வேலைக்கு இரண்டு விலை கொடுப்பதா என்பதுதான் அவர்களின் கேள்வி. நிரல் திறந்த மூலம், அதாவது யார் வேண்டுமானாலும் அதைப் பார்க்கலாம், திருத்தலாம். எத்தனை கணினியில் வேண்டுமானாலும் நிறுவிக்கொள்ளலாம். கல்லூரிக் கணினிக்கூடத்தில் 60 கணினிகள் இருந்தால் 60இலும் போடலாம், யாரிடமும் உரிமம் கேட்க வேண்டியதில்லை.

இதன் அருமை எனக்குத் தெரிவதற்குக் காரணம் கேசட். 2001 முதல் 2006 வரை நான் பி.ஏ., எம்.ஏ. படித்ததெல்லாம் 60 நிமிடக் கேசட்டுகளில்தான். விடுதியில் என் அறைத்தோழி வாசிப்பாள், நான் பதிவு செய்வேன். அவள் தங்கமான பெண். ஆனால் அவளுக்கும் தேர்வு உண்டு, தலைவலி உண்டு, ஊருக்குப் போக வேண்டியிருக்கும். "ஏட்டி, தொண்டை கட்டியிருக்கு, நாளைக்கு வாசிக்கட்டுமா?" என்பாள். சரி என்பதைத் தவிர நான் என்ன சொல்ல முடியும்? பக்கத்தின் அடியில் பொடி எழுத்து வந்தால், "அடிக்குறிப்பு வேண்டாம்லா?" என்று கேட்டுவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுவாள். அவளைச் சிரமப்படுத்தக் கூடாதென்று நானும் வேண்டாம் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். ஐந்து ஆண்டு தமிழ் படித்தும், பாடபேதம் (ஒரே பாடலின் சொற்கள் சுவடிக்குச் சுவடி மாறுவது) என்ற ஒன்று அடிக்குறிப்பில்தான் இருக்கிறது என்பது ஆய்வுக்குச் சேர்ந்த பிறகே எனக்கு உறைத்தது. அதை இன்று நினைத்தாலும் வருத்தமாக இருக்கிறது.

2012இல் ஒரு நண்பர் பென் டிரைவில் என்விடிஏவைப் போட்டுக் கொடுத்தார். இதில் ஒரு நல்ல வசதி: கணினியில் நிறுவாமலே பென் டிரைவிலிருந்து நேராக இயக்கலாம். நான் போய் வந்த ஒரு நூலகத்தில், பொதுக் கணினியில் புதிதாக எந்த மென்பொருளையும் நிறுவ விடமாட்டார்கள்; "வாசிக்க ஆள் கூட்டிட்டு வாங்கம்மா" என்று அன்பாகத்தான் சொன்னார்கள். மறுநாள் பென் டிரைவைச் சொருகினேன், காதில் ஹெட்போன் மாட்டினேன், மாலை வரை தனியாக உட்கார்ந்து வாசித்தேன். அன்றைக்கு ஒரு கட்டுரையின் எல்லா அடிக்குறிப்பையும் இரண்டு முறை கேட்டேன். பிடிக்காத கட்டுரையைப் பாதியில் விட்டேன். ஒருவரை உட்கார வைத்து வாசிக்கச் சொல்லிவிட்டு இது பிடிக்கவில்லை, வேறு எடு என்று எத்தனை முறை சொல்ல முடியும்? அந்தச் சுதந்திரம் அன்றுதான் எனக்குக் கிடைத்தது.

பயன்பாட்டைப் பற்றி. மவுஸ் தேவையில்லை, எல்லாம் விசைப்பலகைதான். மடிக்கணினியில் கேப்ஸ் லாக் விசையை என்விடிஏ விசையாக வைத்துக்கொள்ளலாம். அதோடு ஏ அழுத்தினால் இருக்கும் இடத்திலிருந்து தொடர்ந்து வாசிக்கும்; கன்ட்ரோலைத் தொட்டால் உடனே நிற்கும். இணையப் பக்கத்தில் ஹெச் அழுத்தினால் தலைப்பு தலைப்பாகத் தாவும், கே அழுத்தினால் இணைப்புகள், டி (T) அழுத்தினால் அட்டவணைகள். இந்த ஐந்தாறு விசைகளை ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். மெனுக்கள் தமிழிலேயே உண்டு, தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தவை. பக்கத்தில் இருக்கும் பார்வையுள்ள ஆசிரியருக்கு, அது என்ன பேசுகிறது என்பதை எழுத்தாகக் காட்டும் ஒரு சாளரமும் இருக்கிறது. கற்றுக்கொடுக்க வருகிறவர்களுக்கு அது பெரிய உதவி. அறிவியல் மாணவர்களுக்கு, சமன்பாடுகளை வாசிக்க மேத்கேட் என்ற நிரல் உண்டு.

தமிழ்க் குரல்தான் பலரைத் தொடக்கத்தில் விரட்டும். என்விடிஏவோடு வரும் இஸ்பீக் குரல் மனிதக் குரல் கிடையாது, இயந்திரக் குரல். விதிகளை வைத்துத் தமிழை உச்சரிக்கிறது. நமக்கு ஒரே 'க'தான். அது 'காகம்' என்ற சொல்லில் இரண்டு விதமாக ஒலிக்கும். நம் சொற்களுக்கு இந்த விதி போதும், கடன்சொற்கள் வரும்போது தடுக்கும். முதல் இரண்டு வாரம் எனக்கு எரிச்சலாகவே இருந்தது. அப்புறம் காது பழகிவிட்டது. இப்போது என் வேகத்தில் ஓடவிட்டால் பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு சொல்லும் புரியாது. பாடல் வாசிக்க மட்டும் நான் குரலை மாற்றிக்கொள்வேன். விண்டோஸ் 10, 11 இரண்டிலும் தமிழ் மொழியைச் சேர்த்தால் 'வள்ளுவர்' என்ற பெயரில் ஒரு தமிழ்க் குரல் கிடைக்கும். என்விடிஏ அதையும் ஏற்றுக்கொள்ளும். மதுரைத் தமிழ் இலக்கிய மின்தொகுப்புத் திட்டத்தின் யுனிகோடு (எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) பக்கங்களைத் திறந்து, கீழ் அம்புக்குறியால் அடி அடியாக இறங்குவேன். சீர் பிரித்து அச்சிட்டதைச் சீர் பிரித்தபடியே அது சொல்லும். உணர்ச்சியே இல்லாத அந்த வாசிப்பில் எதுகை துல்லியமாகக் காதில் விழும். வகுப்பில் யாப்பு நடத்தும்போது இதைப் பயன்படுத்துகிறேன். பார்வையுள்ள மாணவர்களும் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறார்கள்.

மதிப்பெண் கேட்டால் ஐந்துக்கு நாலரை கொடுப்பேன். அரை குறைந்தது அந்த முதல் இரண்டு வாரத்துக்காக.

ஆனால் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். கல்லூரி இதை நிறுவிவிட்டு, "எல்லா வசதியும் செய்துவிட்டோம்" என்று நிறுத்திக்கொண்டால் மாணவிக்கு ஒரு பயனும் இல்லை. திரைவாசிப்பான் எழுத்தைத்தான் வாசிக்கும், படத்தை வாசிக்காது. நம் துறைகளில் சுற்றிவரும் பாடக்குறிப்புகளில் பெரும்பாலானவை, புத்தகத்தை செல்பேசியில் படமெடுத்து பிடிஎஃப் ஆக்கியவை. பார்ப்பவருக்கு அது பக்கம். என்விடிஏவுக்கு அங்கே ஒன்றுமே இல்லை. ஆங்கிலப் பக்கம் என்றால் என்விடிஏ விசையோடு ஆர் அழுத்தி எழுத்தை உணரவைக்கலாம். தமிழுக்கு நான் படத்தை கூகுள் டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸாகத் திறக்கிறேன். பிழைகளோடு வரும், ஆனாலும் வரும்.

படத்தைவிட மோசமானது பழைய எழுத்துரு. பாமினியில் தட்டச்சு செய்த கோப்பில், 'தமிழ்' என்று உங்கள் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் கணினிக்குள் இருப்பது ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. என்விடிஏ அதைத்தானே சொல்லும்? ஒரு கருத்தரங்க மலருக்காக 400 பக்கக் கோப்பு எனக்கு வந்தது. திறந்தால் தமிழ்த்துறைக் கட்டுரைகள் முழுதும் இப்படி ஆங்கில எழுத்துகளாகக் கொட்டின. தமிழக அரசு யுனிகோடைத் தரமாக ஏற்றது 2010இல். அதற்குப் பிறகும் வினாத்தாளைப் பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்வதற்கு எந்தக் காரணமும் கிடையாது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீத இடம் தருகிறது. தேர்வைக் கணினியில் எழுதவும், பிரெயிலில் எழுதவும், தனக்குப் பதிலாக எழுதுபவரை வைத்துக்கொள்ளவும் மத்திய அரசு வழிகாட்டுதல் இடம் கொடுக்கிறது. ஒரு மணி நேரத்துக்கு 20 நிமிடத்துக்குக் குறையாமல் கூடுதல் நேரமும் உண்டு. புத்தகத்தை மாணவர் வாசிக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றினால் பதிப்புரிமை மீறலாகிவிடுமோ என்று தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். 2012 திருத்தத்துக்குப் பிறகு மாற்றுத்திறனாளிகளுக்காக அப்படி மாற்றுவது குற்றமில்லை. ஆக, துறையில் ஒருவர் வாரத்துக்கு ஒரு மணி நேரம் ஒதுக்கினால் போதும். குறிப்பை யுனிகோடில் தட்டச்சு செய்து, வேர்டில் தலைப்புகளைத் தலைப்புப் பாணியில் (ஹெடிங் ஸ்டைல்) போட்டு, வகுப்புக்கு முதல் நாளே அனுப்பிவிடுங்கள். வகுப்பு முடிந்த பிறகு வரும் குறிப்பு அவளை மற்றவர்களுக்கு ஒரு நாள் பின்னால் நிறுத்திவிடுகிறது.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. கேட்டுப் படிக்க ஆரம்பித்துவிட்டார்கள் என்று பிள்ளைகளைப் பிரெயிலை விடச் சொல்லாதீர்கள். அரம், அறம் இரண்டும் காதுக்கு ஒன்றுபோலத்தான் விழும். அம்புக்குறியால் எழுத்து எழுத்தாக நகர்ந்து சரிபார்க்கலாம்; ஆனால் சந்தேகம் வந்தால்தானே சரிபார்ப்போம்? அந்தச் சந்தேகம் விரலில் எழுத்தைத் தொட்டுப் பழகியவர்களுக்குத்தான் வருகிறது. பிரெயில் காட்சிக் கருவி (திரையில் உள்ள எழுத்தைத் தொட்டுணரும் புள்ளிகளாக எழுப்பும் கருவி) வாங்க முடிந்தால் என்விடிஏ தமிழை அதிலும் காட்டும். கருவியின் விலை அதிகம், அதனால் துறையில் ஒன்று வாங்கி வைக்கச் சொல்லி எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

அந்த மாணவிக்குப் பென் டிரைவில் என்விடிஏவை ஏற்றிக் கொடுத்தேன். முதல் பருவ அசைன்மென்ட்டை அவளே தட்டச்சு செய்து எனக்கு மின்னஞ்சலில் அனுப்பினாள். நான்கு பக்கம், அதில் ஆறு அடிக்குறிப்புகள். ர, ற மாறிய இடங்கள் பதினொன்று. செவ்வாய்க்கிழமை மதியம் பிரெயில் பலகையும் ஊசியும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.