இரண்டு கிழங்கு ஏழான கதை

போன வருடம் பிப்ரவரியில், பெர்த்துக்கு வெளியே ஒரு சின்ன நர்சரியில் மூன்று கிழங்கு வாங்கினேன். துரோசெரா எரித்ரோரைசா, மேற்கு ஆஸ்திரேலியாவின் தென்மேற்கு மூலைக்கே உரிய அழுகண்ணி, அதாவது பசை இலையால் பூச்சி பிடித்துத் தின்னும் செடி. பையில் மணலோடு மூன்று சிவப்பு மணிகள், சுண்டைக்காய் அளவு கூட இல்லை. ஒன்றை விரலால் அழுத்தியதும் கூழாகிவிட்டது, ஈரத்திலேயே வைத்திருக்கிறார்கள். மாற்றித் தரவும் இல்லை, அதற்கே ஒரு நட்சத்திரம் குறைக்கிறேன்.

சரி, மற்ற இரண்டும் தங்கம். கோடை முழுக்க மண்ணுக்கடியில் தூங்கும் செடி இது, அப்போது தண்ணீர் ஊற்றினால் அழுகிவிடும். இங்கே குளிர்காலம் ஜூனில் தொடங்கும், மழையும் அதையொட்டித்தான் என்பதால் ஏப்ரல் கடைசியில் மூக்கை நீட்டியது, ஜூனில் நான்கைந்து அகன்ற இலைகள் கல்லில் ஊற்றிய தோசை மாதிரி மண்ணோடு ஒட்டி விரிந்துவிட்டன. காலையில் குனிந்து பார்த்தால் ஒவ்வொரு மயிர் நுனியிலும் ஒரு பசைத்துளி, அதில் ஒட்டிக்கொண்ட குட்டிப் பூச்சிகள்.

பூவுக்காக மட்டும் வாங்காதீர்கள். காட்டில் கோடைத் தீ வந்துபோன இடங்களில்தான் வெள்ளைப் பூக்கள் கொத்துக் கொத்தாக வரும், தொட்டியில் எனக்கு இதுவரை ஒன்று கூட இல்லை. கூடவே வந்த சீட்டில் 'எளிதில் பூக்கும்' என்று போட்டிருந்தார்கள், சிரித்துக்கொண்டேன்.

அப்புறம், வெயில் ஏறி இலை கருகியதும் செத்துவிட்டது என்று தொட்டியைக் கொட்டிவிடாதீர்கள். நான் கொட்டப் போய்த்தான் பார்த்தேன்: பக்கவாட்டில் தண்டு விட்டு குட்டிக் கிழங்குகள், மொத்தம் ஏழு.