முதுகு பதினைந்தரை அங்குலம்

ஒன்பது வருடம் ஒரே பிசிடியோடுதான் (சிலிண்டரை முதுகில் தாங்கி, காற்று ஏற்றி மிதப்பைச் சரிசெய்யும் சட்டை) கடலுக்கடியில் டைவ் செய்தேன். ஓரங்களில் ரோஸ் நிறக் கோடு போட்ட ஜாக்கெட். ‘லேடீஸ் கட்’ என்று சொல்லி விற்றார்கள், நானும் நம்பினேன். சிங்கப்பூரிலிருந்து வெள்ளி இரவு கிளம்பி, மெர்சிங்கில் படகேறி, தியோமானில் இரண்டு நாள் மீன் பார்த்துவிட்டுத் திரும்புகிற வாழ்க்கைக்கு அது போதுமானதாக இருந்தது. குவாந்தான் கரைக்கு அப்பால் கிடக்கும் ரிபல்ஸ் என்ற பிரிட்டிஷ் போர்க்கப்பலைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை வந்த பிறகுதான் எல்லாம் மாறியது. 1941 டிசம்பர் 10 அன்று ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த கப்பல் அது. கவிழ்ந்த நிலையில் ஐம்பது மீட்டருக்கும் கீழே கிடக்கிறது. பொழுதுபோக்கு டைவிங்கின் எல்லை 40 மீட்டர். எனவே முதலில் 45 மீட்டர் வரையிலான டிகம்ப்ரஷன் படிப்பில் (மேலே வரும்போது நடுநடுவே நின்று ஏற வேண்டிய ஆழ டைவ்களுக்கானது) சேர்ந்தேன்.

முதல் வகுப்பிலேயே ஜாக்கெட்டின் சாயம் வெளுத்தது. பயிற்சியாளர் ஓர் அலுமினிய ஸ்டேஜ் சிலிண்டரை, அதாவது பக்கவாட்டில் தொங்கவிடும் கூடுதல் சிலிண்டரை, என் இடது தோள் வளையத்தில் மாட்டினார். வளையம் பிளாஸ்டிக், அது இருந்த இடமும் கழுத்துக்குப் பக்கத்தில். ஜாக்கெட் மொத்தமாக இடப்பக்கம் சரிந்து, வயிற்றுப் பட்டை விலாவுக்கு ஏறிவிட்டது. காற்று நிரப்பினால் மார்பை நெருக்கும், மூச்சு முட்டும். இதை இத்தனை வருடம் ‘டைவிங் என்றால் இப்படித்தான்’ என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். இரட்டைச் சிலிண்டரை அதில் பொருத்த வழியே இல்லை என்பது தனிக்கதை.

சரி, பேக்பிளேட்டும் (முதுகில் மாட்டும் தகடு) விங்கும் (அதன் பின்னால் பொருத்தும் காற்றுப் பை) வாங்கலாம் என்று ஒரு கடைக்குப் போனேன். “எல்லாருக்கும் ஒரே சைஸ்தான் மேடம், வாரை மட்டும் இழுத்துச் சரிசெய்தால் போதும்” என்றார் அங்கிருந்த தம்பி. வாங்காமல், அதே அளவுத் தகடு ஒன்றை ஒரு வாரக்கடைசிக்கு இரவல் வாங்கிப் பார்த்தேன். என் உயரம் 154 சென்டிமீட்டர். தகட்டை ஏற்றி மாட்டினால் தலையை நிமிர்த்தும்போது பின்மண்டை சிலிண்டர் வால்வில் மாட்டிய ரெகுலேட்டரில் இடித்தது. இறக்கி மாட்டினால் வால்வுகளுக்குக் கை எட்டவில்லை, தகட்டின் கீழ் விளிம்பு புட்டத்துக்கு மேலே தோலை உரித்துவிட்டது. இரட்டைச் சிலிண்டரில் தலைக்குப் பின்னால் கைவிட்டு வால்வைத் திறந்து மூடுவது உயிர் காக்கும் விஷயம். அது எட்டவில்லை என்றால் மற்றதெல்லாம் வீண்.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் முதுகைக் காட்டினேன். அம்மா சிங்கப்பூர் தேக்காவில் முப்பது வருடம் ரவிக்கை தைத்தவர். மருந்து தடவுவதற்கு முன்பே இன்ச் டேப்பை எடுத்துவிட்டார். பின்கழுத்தில் துருத்தும் எலும்பிலிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை அளந்தார். “பதினைந்தரை. உனக்கு எப்பவுமே குட்டை முதுகுதாண்டி, உயரமெல்லாம் காலில்தான்.” இரவல் தகட்டை அளந்தால் பதினைந்து அங்குலம், அதாவது 38 சென்டிமீட்டர். அரை அங்குல இடத்தில் நான் என்னத்தை ஏற்றி இறக்குவது?

தேட வேண்டியது ‘பெண்களுக்கானது’ என்ற சீட்டை அல்ல, குட்டையான தகட்டை. சில நிறுவனங்கள் செய்கின்றன, ஆனால் கடையில் அடுக்கி வைத்திருப்பதில்லை; கேட்டால்தான் வரவழைப்பார்கள். நான் வாங்கியது 33 சென்டிமீட்டர் நீளமுள்ள துருப்பிடிக்காத எஃகுத் தகடு, இரண்டு கிலோ. பதினான்கு மாதத்தில் அறுபது டைவுக்கு மேல் ஆகிவிட்டது. மூன்று மில்லிமீட்டர் வெட்சூட்டில் முன்பு ஐந்து கிலோ ஈயம் கட்டுவேன், இப்போது ஒன்றரைதான். தகட்டின் எடை ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பழைய ஜாக்கெட்டின் பஞ்சு தானாகவே மிதந்துகொண்டிருந்தது. அதை மூழ்கடிக்கவும் சேர்த்துத்தான் நான் ஈயம் சுமந்திருக்கிறேன்!

ஹார்னஸ் என்பது ஐந்து சென்டிமீட்டர் அகல நைலான் வார். முழுதும் ஒரே துண்டு, இடுப்பில் ஒரே பக்கிள், கவட்டு வழியாக இன்னொரு வார். இந்தப் பாணிக்கு ஹோகார்தியன் என்று பெயர், ஃபுளோரிடா குகைகளில் டைவ் செய்த வில்லியம் ஹோகார்த் மெயினை வைத்து வந்தது. பெண் உடம்புக்கு இது சரிப்படுமா என்று கேட்பவர்களுக்கு: ஜாக்கெட்டைவிட நன்றாகவே சரிப்படும். நெஞ்சுக்குக் குறுக்கே பட்டையே கிடையாது. தோள் வார் மார்பின் வெளிப்பக்கமாக அக்குளுக்குக் கீழே ஓடிவிடுகிறது. டி-ரிங் எனும் கொக்கி மாட்டும் வளையத்தை மட்டும் ஆண்களுக்குச் சொல்லும் இடத்திலிருந்து இரண்டு சென்டிமீட்டர் மேலேற்றினேன். இல்லையென்றால் ஸ்டேஜ் சிலிண்டரின் கொக்கி மார்பிலேயே உரசும். வாரை இறுக்கிக் கட்டாதீர்கள். உள்ளே கை நுழையும் அளவுக்குத் தளர்வு வேண்டும். நழுவாமல் பிடித்துக்கொள்வது கவட்டு வாரின் வேலை. அது உறுத்துமோ என்று பயந்தேன், இரண்டாவது டைவில் மறந்தே போனேன்.

உண்மையான தலைவலி இடுப்பில். தகட்டின் ஓரத்துக்கும் பக்கிளுக்கும் நடுவே எனக்கு ஒரு சாண்கூட இல்லை. அதில் இடது டி-ரிங், கத்தி, விளக்கின் பேட்டரி எல்லாம் இடம் கேட்கின்றன. கத்தியை அளவில் சிறியதாக மாற்றிக்கொண்டேன். அப்புறம், வாரை உடனே வெட்டிவிடாதீர்கள். இரண்டு மாதம் பழகிவிட்டு, மிச்சத்தை வெட்டி நுனியை லைட்டரில் உருக்குங்கள். வெட்டிய துண்டு இப்போது அம்மாவின் மார்க்கெட் பைக்குக் காதாக இருக்கிறது.

விங்குக்கு வருகிறேன். தகட்டின் துளைகள் பெரும்பாலான நிறுவனங்களில் 11 அங்குல இடைவெளியில்தான் இருக்கும், எனவே கிட்டத்தட்ட எந்த விங்கையும் மாட்டலாம். ஒற்றைச் சிலிண்டருக்கு 13 கிலோ தூக்குவது, இரட்டைக்கு 18 கிலோ தூக்குவது என்று இரண்டு வைத்திருக்கிறேன். ‘டெக் (இந்த மாதிரி ஆழ டைவிங்) என்றால் 27 கிலோவாவது வேண்டும்’ என்று பயமுறுத்தினார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தேன். பதினொரு லிட்டர் அலுமினியச் சிலிண்டர் இரண்டு, 200 பார் அழுத்தம் என்றால் 4,400 லிட்டர் காற்று, சுமார் ஐந்தே கால் கிலோ. ஆழத்தில் நசுங்கும் வெட்சூட்டுக்கு இரண்டு கிலோ, ஸ்டேஜுக்கு ஒன்று. எப்படிக் கூட்டினாலும் பத்தைத் தாண்டவில்லை. தேவைக்கு மேல் பெரிய விங், காற்றில்லாதபோது சிலிண்டரைச் சுற்றி வாழையிலை மாதிரி மடங்கிக்கொள்ளும், உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றவும் பாடுபட வேண்டும். விங்குக்குக் காற்று ஏற்றும் இன்ஃப்ளேட்டர் குழாயையும் குட்டையானதாக மாற்றினேன், என் கைக்கு அந்த நீளமே போதும்.

ஒரு எச்சரிக்கை. வெட்சூட்டோடு இரட்டை எஃகுச் சிலிண்டர் வேண்டாம். விங் கிழிந்தால் கழற்றிப்போட ஈயம் இருக்காது, நீந்தி மேலே வரவும் முடியாது. நம் வெதுவெதுப்பான கடலில் அலுமினியமே நல்லது. எஃகுதான் கிடைக்கும் என்றால் இரட்டைப் பை வைத்த விங்கை யோசிக்கலாம், ஆனால் இரண்டாவது இன்ஃப்ளேட்டர் தானாகக் காற்று ஏற்றிவிடாமல் பார்த்துக்கொள்ளும் வேலையும் கூடவே வரும்.

குறை என்றால், எல்லாம் தண்ணீருக்கு வெளியேதான். இரட்டைச் சிலிண்டரும் தகடுமாக 37 கிலோ, நான் ஐம்பது. ஆடும் படகில் ஏணியேறும் அந்த நான்கு படிகளில் ஒவ்வொரு முறையும் ‘ஏன் இந்த வேலை’ என்று தோன்றும். தோழி ஒருத்தி சைட்மவுண்டில் (சிலிண்டர்களை முதுகில் அல்லாமல் இரு பக்கமும் மாட்டும் முறை) டைவ் செய்கிறாள், அவளுடைய ஹார்னஸ் போலந்தில் செய்த எக்ஸ்டீப் ஸ்டெல்த். சிலிண்டர்களைத் தண்ணீரிலேயே இடுப்போரம் மாட்டிக்கொள்வாள், ஏறும்போது கழற்றிக் கொடுத்துவிடுவாள். வால்வு அவள் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கும். முழங்காலோ இடுப்போ தொல்லை கொடுக்கிறவர்கள் என் பேச்சைக் கேட்காமல் அந்தப் பக்கம் போய்விடுங்கள்.

செலவு: தகடும் ஹார்னஸும் 330 சிங்கப்பூர் வெள்ளி. 13 கிலோ விங் புதிது, 420. இரட்டைக்கான விங்கைப் பழையதாக 300க்கு வாங்கினேன். கையில் பணம் குறைவென்றால் முதலில் தகடும் சின்ன விங்கும் மட்டும் வாங்கி, ஒற்றைச் சிலிண்டரில் முப்பது டைவ் பழகுங்கள். கடைக்குப் போகும்போது இன்ச் டேப் கொண்டுபோங்கள், அங்கே இருக்காது.