வெள்ளைத் துணிக்கு மேலே என்ன இருக்கிறது? பந்தல் பேசுகிறவர்களுக்கு ஓர் எச்சரிக்கை

ஆடித் திருவிழாவுக்குப் பந்தல் பேசும் கமிட்டிக்காரர்கள் கவனத்துக்கு. எங்கள் தெரு அம்மன் கோவிலுக்குத் தகரப் பந்தல் போட்ட காண்ட்ராக்டர் ஒப்புக்கொண்டது இது: 40-க்கு 80 அடி, சதுர அடி 18 ரூபாய், பத்தடிக்கு ஒரு கால், இரண்டடி குழி, தேங்காய்நார்க் கயிறு, காட்டன் சீலிங். இரண்டாம் நாள் ராத்திரி அடித்த காற்றில் மேற்கு வரிசை அப்படியே சாய்ந்தது. கூட்டம் கலைந்துவிட்டதால் யாருக்கும் அடியில்லை. பிரித்தபோதுதான் வண்டவாளம் எல்லாம் வெளியே வந்தது.

முதலில் அளவு. தகர விளிம்பிலிருந்து விளிம்புக்கு டேப் பிடித்து 40, 80 என்று பில் போட்டிருக்கிறார். காலுக்குக் கால் அளந்தால் 36-க்கு 76. நாலு பக்கமும் இரண்டிரண்டு அடி வெளியே நீட்டிய தகரத்துக்கும் காசு. 3,200 எங்கே, 2,736 எங்கே? 464 சதுர அடி, 8,352 ரூபாய். “கூரைக்குத்தானே வாடகை” என்று தொழிலில் இருப்பவர்கள் சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். ‘காலுக்குக் கால் அளவு’ என்று சீட்டில் எழுதி வாங்கிவிட்டால் அந்தப் பேச்சே எழாது.

பணம் போனது சின்ன விஷயம், கால்தான் பெரிய விஷயம். நீளவாக்கில் 9 கால் வர வேண்டிய இடத்தில் 7 தான் நட்டிருந்தார்கள். இடைவெளி கிட்டத்தட்ட 13 அடி. குறுக்குக் கம்பு நடுவில் தொய்ந்து, தகரத்தின் வாட்டம் கெட்டு, முதல் நாள் தூறலிலேயே நடுப்பந்தலில் ஒழுகியது. கால்களின் அடியில் மஞ்சள் துணி சுற்றி அழகாக ரிப்பன் கட்டியிருந்தார்கள். அதை அவிழ்த்தால் சவுக்குக் கம்பு கறுத்து, நகத்தால் கீறினாலே உதிர்கிறது. ஒரே கம்பைத் திரும்பத் திரும்ப ஈர மண்ணில் நட்டால் தரையோடு ஒட்டிய ஓரடிதான் முதலில் மக்கும். கம்பு வண்டியிலிருந்து இறங்கும்போதே அந்த இடத்தில் ஒரு பெரிய ஆணியை வைத்து அழுத்திப் பாருங்கள். சுலபமாக உள்ளே போனால் அந்தக் கம்பைத் திருப்பி ஏற்றச் சொல்லுங்கள்.

குழி ஆழத்தை நட்ட பிறகு பார்க்க முடியாது. நடுவதற்கு முன்பே ஒவ்வொரு கம்பிலும் அடியிலிருந்து இரண்டடியில் பெயிண்ட் கோடு போட்டுவிடுங்கள். கோடு மண்ணுக்கு மேலே தெரிந்தால் குழி போதவில்லை. எங்கள் பந்தலில் ஒரு குழிகூட ஓரடியைத் தாண்டவில்லை. வெளிவரிசைக் கால்களின் உச்சியிலிருந்து முளையடித்து இழுத்துக் கட்ட வேண்டிய கயிறும் இல்லை. ஆடிக்காற்று மேற்கிலிருந்து உள்ளே நுழைந்து, கிழக்கே மேடைப் பின்திரையில் முட்டி, போக வழியில்லாமல் கூரையைத் தூக்கியது. தூக்கிய வேகத்தில் மேற்குக் கால்கள் பிடுங்கிக்கொண்டன. பின்திரையை மேலே ஒன்றிரண்டு அடி இடைவெளி விட்டுக் கட்டினால் காற்று கடந்து போய்விடும். இதைச் சொன்னால் ‘டெக்கரேஷன் கெட்டுப்போகும்’ என்பார்கள். கெட்டால் கெடட்டும்.

கயிறு என்று வந்தது பிளாஸ்டிக் பட்டை. முடிச்சு வழுக்கும், தீப்பட்டால் உருகி விட்டுவிடும். சீலிங் துணியோ சுத்த பாலியஸ்டர். ஒரு நூலை உருவி, பந்தலுக்கு வெகு தூரத்தில் வைத்துக் கொளுத்துங்கள். காட்டன் என்றால் காகிதம் எரியும் வாசம் வரும், சாம்பல் உதிரும். பாலியஸ்டர் சுருங்கி உருகிச் சொட்டும், ஆறினால் கெட்டி மணியாகும். அந்தச் சொட்டு கீழே உட்கார்ந்திருப்பவர் தலையில் விழும். 1995-இல் ஹரியானாவின் டப்வாலியில் பள்ளி விழாப் பந்தல் பற்றியபோது 400 பேருக்கு மேல் இறந்தார்கள். அங்கே கட்டியிருந்ததும் செயற்கைத் துணிதான். கீற்றுக்கு மாறினால் ஆபத்து போய்விடும் என்றும் நினைக்க வேண்டாம். 1997 ஜூன் 7 அன்று தஞ்சைப் பெரிய கோவில் குடமுழுக்கு யாகசாலைப் பந்தல் தீயில் 48 பேர். 2004 ஜனவரியில் ஸ்ரீரங்கம் திருமண மண்டப மாடியில் போட்ட கீற்றுப் பந்தல் எரிந்து மாப்பிள்ளை உட்பட 50 பேருக்கு மேல். தற்காலிகப் பந்தல்களுக்கான இந்தியத் தர நிர்ணயம் ஐ.எஸ். 8758, செயற்கைத் துணியும் செயற்கைக் கயிறும் கூடாது, கூரை உயரம் 3 மீட்டருக்குக் குறையக் கூடாது, மின்கம்பிக்கு அடியில் பந்தலே போடக் கூடாது என்கிறது.

கரண்ட் விஷயத்தில் காண்ட்ராக்டர் சொன்ன யோசனை: “போஸ்டில் கொக்கி போட்டுக்கலாம், யாரும் கேக்க மாட்டாங்க.” கேட்காவிட்டாலும் அது மின்திருட்டு. மின்வாரியத்தில் தற்காலிக இணைப்பு வாங்கி, கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. ஒன்று மாட்டுங்கள். சீரியல் செட் ஒயரை முறுக்கி செலோடேப் ஒட்டித் தகரத்தோடு கட்டியிருந்தார்கள். ஒயரின் தோல் தேய்ந்தால் மொத்தக் கூரையிலும் கரண்ட் பாயும்.

நாற்காலி கணக்கில் அடித்ததை விட்டுவிடுகிறோம், அது எல்லா ஊரிலும் நடப்பது.

ஏற்று இறக்குக் கூலி தனி, நாலாம் நாள் வாடகை தனி என்று கடைசியில் வந்து நின்றார். அதனால் இதையெல்லாம் முதலிலேயே எழுதி வாங்குங்கள். பணத்தை மூன்றாகப் பிரியுங்கள்: அட்வான்ஸ் ஒரு பங்கு, துணி கட்டும் முன் பந்தல் கால், குழிக் கோடு, கயிறு மூன்றையும் பார்த்த பிறகு இரண்டாவது, பிரித்து, தெருவில் தோண்டிய குழியெல்லாம் மூடிய பிறகு மூன்றாவது. எங்களிடம் முழுத் தொகையையும் முன்கூட்டியே வாங்கிக்கொண்டார். டேப்பைக் காட்டிக் கேட்டதில் 5,000 மட்டும் திரும்பி வந்தது. குழிகளை நாங்களே மூடினோம்.