பில்லிங் சொப்ட்வெயர் அப்டேட் செய்யிற கடைக்காரர் கவனம்

யாழ்ப்பாணத்தில கடை வைச்சிருக்கிறவை, முக்கியமா வற் (VAT, பெறுமதி சேர் வரி) பதிவு உள்ளவை, இதைக் கட்டாயம் வாசியுங்கோ. 2024 தை மாதம் பதிவுக்கான வருச விற்பனை எல்லை 8 கோடி ரூபாயில இருந்து 6 கோடிக்கு இறங்கினதால புதுசா வற்றுக்குள்ள வந்தவை இன்னும் கவனம்.

எங்கட ஹாட்வெயார் கடைக்குச் சொப்ட்வெயர் தந்த கம்பனிக்கு வருசாவருசம் பராமரிப்புக் காசு கட்டுறம். அண்மையில ஒரு அப்டேட் வந்தது. என்ன மாறினதெண்டு போட்டிருந்தது ஒரே வரி: ‘சிறு பிழைகள் திருத்தப்பட்டன, வேகம் கூட்டப்பட்டது.’

உண்மையில மாத்தினது வற் கணக்கு. எங்கட விலையெல்லாம் வற் சேர்த்த விலை. 1,180 ரூபாய்க்கு ஒரு பூட்டு வித்தால் அதுக்குள்ள வற் 180 ரூபாய் (1,000க்கு 18 வீதம்). அப்டேட்டுக்குப் பிறகு மாத அறிக்கை முழு 1,180க்கும் 18 வீதம் போட்டு 212 ரூபாய் 40 சதம் எண்டு காட்டினது. பில்லில தொகை மாறேல்லை, அதால கவுண்டரில ஒருத்தருக்கும் பிடிபடேல்லை. கணக்குப் பார்க்கிற அக்கா கையால போட்டுப் பார்த்துத்தான் கண்டுபிடிச்சவ. அதுக்குள்ள வரி கூடக் கட்டியாச்சு. இப்ப அதைச் சரிக்கட்டக் கடிதமும் கையுமாத் திரியிறம்.

கம்பனிக்கு எடுத்தால், “செற்றிங்கில ‘விலையில் வற் உட்பட’ எண்டு புதுசா ஒண்டு போட்டனாங்கள் அண்ணை, அதை ரிக் பண்ணோணும்” எண்டு அங்க இருக்கிற தம்பி சொல்லுறார். ஏன் எழுதேல்லை? “அதெல்லாம் விவரமா எழுதினால் ஆர் அண்ணை வாசிக்கிறது?”

நான் வாசிப்பன். பட்டனின்ர நிறம் மாறினதை எழுதத் தேவையில்லை. காசு, வரி, இருப்பு, பக்கப் (தரவுப் பிரதி) இதுகளில கை வைச்சால் முந்தி எப்பிடி, இப்ப எப்பிடி, நான் என்ன செய்யோணும் எண்டு சொல்லத்தான் வேணும். கூகுள் பிளே அப்டேட் குறிப்புக்கு 500 எழுத்துத்தான் விடுது, அதுக்குள்ளேயே இது அடங்கும். பதிப்பு இலக்கத்திலயும் கடைசி எண்தான் கூடியிருந்தது. செமான்ரிக் வேர்ஷனிங் எண்ட, பதிப்பு இலக்கம் போடுற முறைப்படி கடைசி எண் பிழை திருத்தத்துக்கு மட்டும். பழைய கணக்கைப் புரட்டிப்போடுற மாற்றத்துக்கு முதல் எண் மாறோணும். நம்பவைச்சு ஏமாத்தினது இதுதான்.

அப்டேட்டுக்கு முதல் பக்கப் எடுங்கோ. முடிஞ்ச கையோட 1,180 ரூபாய்க்கு ஒரு சோதனை பில் அடிச்சு, அறிக்கையில வற் 180 வருதோ எண்டு பாருங்கோ. என்ன மாறினதெண்டு வட்ஸ்அப்பிலயாவது எழுத்தில கேளுங்கோ. நாங்கள் அடுத்த வருசப் பராமரிப்புக் காசை நிறுத்தி வைச்சிருக்கிறம். முழு மாற்றக் குறிப்பும் கைக்கு வந்தால்தான் கட்டுவம்.