ஒரே துப்பாக்கியில் ரைஃபிளும் ஷாட்கன்னும்: எந்த வகை தேறும்?

காட்டில் நடந்து வேட்டையாடுபவருக்கு எதிரே எது வரும் என்று முன்கூட்டியே தெரியாது. புதரிலிருந்து முயல் பாயலாம், ஃபெசன்ட் பறவை சடாரென்று எழும்பலாம், அடுத்த திருப்பத்தில் ரோ மான் என்ற சிறிய மான் நிற்கலாம். முதல் இரண்டுக்கும் பால்ரஸ், அதாவது ஷாட்கன் சிதறடிக்கும் சின்னச் சின்னக் குண்டுகள் வேண்டும், மானுக்கு ரைஃபிள் குண்டு வேண்டும். ஜெர்மனியின் வேட்டைச் சட்டம் இந்த விஷயத்தில் கறாரானது. மான், காட்டுப்பன்றி போன்ற குளம்புள்ள விலங்குகளைப் பால்ரஸால் சுடவே கூடாது. ரோ மானுக்கு 100 மீட்டரில் குண்டின் ஆற்றல் குறைந்தது 1000 ஜூல் இருக்க வேண்டும். மற்ற குளம்பு விலங்குகளுக்கு 6.5 மி.மீ. விட்டமும் 2000 ஜூல் ஆற்றலும் வேண்டும். ஒரே நடையில் இரண்டு வகைக் குழலும் தேவைப்படுவதால்தான் ஜெர்மனி, ஆஸ்திரியா பக்கம் கூட்டுத் துப்பாக்கிகள் இவ்வளவு பெருகின.

நம் முன்னால் இருக்கும் தேர்வுகள் மூன்று. ரைஃபிளும் ஷாட்கன்னும் தனித்தனியாக வைத்துக்கொள்வது ஒன்று. டிரில்லிங் எனப்படும் மூன்று குழல் துப்பாக்கி இன்னொன்று. மூன்றாவது, ஷாட்கன் குழல் மேலேயும் ரைஃபிள் குழல் கீழேயும் உள்ள இரட்டைக்குழல். நான் வாங்கியது இந்த மூன்றாவது வகை. அதிலும் இரண்டு குழலையும் நெடுக ஒட்டாமல், முனையில் திருகி நகர்த்தக்கூடிய ஆப்பு வைத்தது. பின்லாந்தின் வால்மெட் 412, அதன் வழிவந்த டிக்கா 512, ரஷ்யாவின் இஷ்-94 ஆகியவை இந்த ரகம்.

தனித்தனியாக வைத்துக்கொள்வதன் நன்மையைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மேடையில் உட்கார்ந்து மானுக்காகக் காத்திருப்பவருக்கு போல்ட் ரைஃபிளை மிஞ்ச எதுவும் கிடையாது, ஏனென்றால் இரண்டாவது குண்டு உடனே கைக்கு வரும். பறவை மட்டும்தான் இலக்கு என்றால் சாதாரண இரட்டைக்குழல் ஷாட்கன் போதும். கூட்டுத் துப்பாக்கி கனமானது, மேலே ஸ்கோப்பும் இருந்தால் பறக்கும் பறவையோடு சேர்ந்து வேகமாகத் திரும்பாது. ஆனால் தோளில் இரண்டு துப்பாக்கியைத் தொங்கவிட்டுக்கொண்டு யாரும் காடு சுற்றுவதில்லை. வீட்டில் விட்டுவந்த துப்பாக்கிக்குரிய விலங்குதான் அன்றைக்கு வந்து நிற்கும்.

சரி, டிரில்லிங்குக்கு வருவோம். பெரும்பாலானவற்றில் பக்கத்தில் பக்கமாக இரண்டு ஷாட்கன் குழல், அடியில் ஒரு ரைஃபிள் குழல். நண்பர் ஒருவரின் டிரில்லிங்கை வாங்கிச் சில நாள் பயன்படுத்தியிருக்கிறேன், அவ்வளவுதான் என் பழக்கம். வேலைப்பாட்டில் அதற்கு ஈடு கிடையாது. மேலே இருக்கும் சின்னப் பொத்தானைக் கட்டைவிரலால் முன்னுக்குத் தள்ளினால் விரலால் இழுக்கும் இரண்டு விசைகளில் முன்விசை ரைஃபிள் குழலுக்கு மாறும், கூடவே குழல் மேல் படுத்திருக்கும், குறிபார்க்க உதவும் தகடு எழுந்து நிற்கும். பின்னுக்கு இழுத்தால் தகடு படுத்துவிடும், அதே விசை மறுபடி ஷாட்கன்னுக்குத் திரும்பும்.

அழகுதான். ஆனால் எனக்குத் தயக்கம் தந்ததும் இந்தப் பொத்தான்தான். மான் திடீரென்று முன்னால் வந்து நிற்கும்போது பொத்தானை மறந்துவிட்டால், குண்டு போக வேண்டிய இடத்தில் பால்ரஸ் போகும். மான் காயத்தோடு ஓடி எங்கோ கிடந்து சாகும். வேட்டைக்காரன் தவிர்க்க வேண்டிய முதல் விஷயமே அதுதான். இரண்டு விசை உள்ள இரட்டைக்குழலில் பெரும்பாலும் முன்விசை ரைஃபிளுக்கு, பின்விசை ஷாட்கன்னுக்கு. விரலுக்கு அது சீக்கிரம் பழகிவிடும், யோசிக்க வேண்டியதில்லை. டிரில்லிங்கையே பல வருடம் கையில் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பொத்தானும் இப்படியே பழகிவிடும் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இதையெல்லாம் விட என்னைத் தீர்மானிக்க வைத்தது குழல்கள் ஒன்றோடொன்று எப்படிப் பிணைக்கப்பட்டிருக்கின்றன என்பது. கூட்டுத் துப்பாக்கி வாங்க நினைப்பவர்கள் மரக்கட்டை, செதுக்கு வேலை, ஸ்கோப் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். இதைப் பார்ப்பவர்கள் குறைவு.

டிரில்லிங்கிலும் பல இரட்டைக்குழல்களிலும் குழல்களை நெடுகப் பற்றவைத்து ஒன்றாக்கியிருப்பார்கள். ரைஃபிள் குழலில் சுட்டதும் அது சூடாகி நீளும். அதோடு ஒட்டியிருக்கும் ஷாட்கன் குழலோ குளிர்ந்தபடியே இருக்கும். கீழ்க்குழல் நீள, மேல்குழல் நீளாமல் பிடிக்க, மொத்தமும் மெல்ல மேல்நோக்கி வளையும். அடுத்த குண்டு மேலே போகும், அதற்கடுத்தது இன்னும் மேலே. நண்பரின் டிரில்லிங்கை 100 மீட்டர் இலக்கில் அடுத்தடுத்துச் சுட்டபோது முதல் குண்டு நடுவில் விழுந்தது. இரண்டாவது இரண்டு விரற்கடை மேலே ஏறியது, மூன்றாவது அதற்கும் மேலே. முழுக்க ஆறவைத்துச் சுட்டதும் மறுபடி நடுவிலேயே விழுந்தது. துப்பாக்கியில் கோளாறு எதுவும் இல்லை, பற்றவைத்த குழலின் இயல்பே அது.

வேட்டையில் பெரும்பாலும் ஆறிய குழலிலிருந்து போகும் முதல் குண்டுதானே கணக்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. அந்த அளவில் டிரில்லிங்கைக் குறை சொல்ல முடியாது. சிக்கல் தோட்டா மாற்றும்போதுதான் தொடங்குகிறது. பற்றவைத்த குழல்களைத் தொழிற்சாலையில் ஒரு குறிப்பிட்ட தோட்டாவைச் சுட்டுப் பார்த்துத்தான் இணைத்திருப்பார்கள். அந்தத் தோட்டா பிறகு கிடைக்காமல் போகலாம், அல்லது ஈயக்குண்டை விட்டுச் செப்புக் குண்டுக்கு மாற வேண்டி வரலாம். ரைஃபிள் குழலுக்கு ஸ்கோப்பைத் திருகிச் சரிசெய்துவிடலாம். அப்போது ஷாட்கன் குழல் ஸ்கோப்பின் குறியை விட்டு விலகிவிடும். அதில் ஒற்றைக் குண்டுத் தோட்டா போட்டுப் பன்றியைச் சுட நினைத்தால் அந்த விலகல் பெரிய விஷயம். ஆப்பு வைத்த துப்பாக்கியில் முனைத் திருகைக் கொஞ்சம் நகர்த்தி, சுட்டுப் பார்த்து, மறுபடி நகர்த்தி இரண்டு குழலையும் ஒரே இடத்துக்குக் கொண்டுவரலாம். ஒரு மாலைநேர வேலை. பற்றவைத்ததில் இதே காரியத்துக்குக் குழலைப் பிரித்து, மறுபடி பற்றவைத்து, மேற்பூச்சையும் புதிதாகச் செய்ய வேண்டும். அதைச் சரியாகச் செய்யத் தெரிந்த கைகள் குறைவு, கூலியும் அதற்கேற்ப இருக்கும்.

ஈயப் பால்ரஸ் விஷயமும் இதோடு சேர்ந்ததுதான். 2023 பிப்ரவரியிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் ஈரநிலங்களில் அதைப் பயன்படுத்தத் தடை. பதிலுக்கு எஃகுப் பால்ரஸ் போடலாம் என்றால், பழைய டிரில்லிங்குகளின் ஷாட்கன் குழல்கள் முனையில் மிக இறுக்கமாக இருக்கும், எஃகு அவற்றுக்கு ஏற்றதல்ல. அவற்றில் பல 16 போர் எனும் குழல் அளவுள்ளவை, தோட்டா அறையும் 65 மி.மீ. தான். இன்று வழக்கமான 70 மி.மீ. தோட்டாவை அதில் போடவே கூடாது, அழுத்தம் எகிறிவிடும்.

அப்புறம் ரைஃபிள் தோட்டா. மடக்கித் திறக்கும் துப்பாக்கிக்கு அடியில் விளிம்பு உள்ள தோட்டா வசதி, வெளியே இழுக்கும் கொக்கி அதை நன்றாகப் பிடிக்கும். மான், பன்றி இரண்டுக்கும் இப்படி விளிம்புள்ள 7x57ஆர் அல்லது 7x65ஆர் தோட்டா போதும். .22 ஹார்னெட் என்ற சின்னத் தோட்டா நரிக்குச் சரி, ஆனால் மேலே சொன்ன 1000 ஜூலை அது எட்டாது. அமெரிக்காவில் 1950 முதல் வந்த சாவேஜ் 24-இல் ரைஃபிள் மேலே, ஷாட்கன் கீழே. .22 ரைஃபிள் குழலும் .410 ஷாட்கன் குழலும் சேர்ந்த அந்த ஜோடி அணிலுக்கும் முயலுக்குமானது, பெரிய வேட்டைக்கான கணக்கில் அதைச் சேர்க்க முடியாது.

என் தேர்விலும் குறை உண்டு. ரைஃபிள் குண்டு ஒன்றே ஒன்றுதான். ஆட்கள் கூட்டமாகச் சேர்ந்து விரட்டிவிடும் பன்றி வேட்டையில் இதை நான் அதிகம் எடுத்துப் போனதில்லை, அதனால் அங்கே இது தேறுமா என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். முனை ஆப்பும் அடிபட்டால் நகரும். ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் சுட்டுச் சரிபார்த்தே ஆக வேண்டும்.

இவ்வளவுக்குப் பிறகும் பழைய டிரில்லிங் மேல்தான் மனம் போகிறது என்றால், வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். துப்பாக்கி காலியா என்று திறந்து பார்த்துவிட்டு, குழல்களை மட்டும் கழற்றி, அவற்றின் அடியில் உள்ள கொக்கியில் விரலை மாட்டித் தொங்கவிட்டு, விரல் முட்டியால் லேசாகத் தட்டுங்கள். மணி போல நீளமாக ஒலித்தால் பற்று உறுதியாக இருக்கிறது என்று நம்பலாம். சத்தம் செத்துப்போய்க் கரகரத்தால் உள்ளே எங்கோ பற்று விட்டிருக்கிறது. அந்தத் துப்பாக்கியை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.